ஒத்தை வண்டிப் பாலம்

போன வாரம் பவானி ஆற்றுப் புதுப் பாலத்தில் போகும்போது கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தேன். பக்கத்தில் பழைய பாலத்தை இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். பறந்து வந்த சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறியது. தும்மல் வர வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கருங்கல் தூண்களும் வளைவுகளுமாக நின்ற பாலம் அது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் கட்டியது என்பார்கள். வெல்லம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, சிறுவயதில் ஒருநாள் கைப்பிடிச் சுவரை நக்கிப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, மண் ருசிதான். ஆனால் கட்டுமானத்தைக் குறை சொல்ல முடியாது. தூண்களுக்கு வெள்ளம் வரும் பக்கம் படகு மூக்கு மாதிரி கூர் வைத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய வெள்ளமும் அந்தக் கூரில் மோதி, இரண்டாகப் பிரிந்து போய்விடும்.

அகலத்தில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். மாட்டுவண்டிக்கு அளந்து கட்டிய பாலத்தில் பிற்பாடு பஸ் ஓடியது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வண்டி தெரிந்தால் கரையிலேயே நின்று கை காட்ட வேண்டும். அங்கேதான் எங்கள் ஊர் மரியாதை வந்து குறுக்கே நிற்கும். "நீங்க வாங்க" என்று இவர் நிற்பார். "இல்லீங்க, நீங்க வாங்க" என்று அவர் நிற்பார். பாலம் காலியாகக் கிடக்கும். வெளியூர் லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு இதில் ஏகப் பெருமை. உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிறவர். தினமும் சைக்கிளில் பாலம் கடப்பார். எதிரே வண்டி கண்ணில் பட்டாலே இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். சம்பளம் மண்டியிலா பாலத்திலா என்று அம்மா கேலி செய்வாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாசி மாத மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். டாக்ஸியின் பின்சீட்டில் அம்மாவின் தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டு கிளம்பினோம். பாலத்துக்கு வந்தபோது எதிர்முனையில், காரமடைத் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தோடு ஒரு பஸ் நின்றது. அதன் டிரைவர் எங்களை வரச் சொல்லிக் கை காட்டினார். டாக்ஸி நகர்ந்தது. அப்பா சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்து, எங்கள் டிரைவரின் தோளைத் தொட்டார்.

"பஸ்ஸு நிக்குது பாருங்க. கொழந்தைக வெயில்ல வேகுதுங்க. அவிக மொதல்ல வரட்டும்."

டாக்ஸிக்காரரும் எங்கள் ஊர்தானே. பெரியவர் சொல்லைத் தட்டத் தெரியாமல் பின்னுக்கு எடுத்துவிட்டார். போகச் சொல்லி அம்மா அழுதாள், நான் கத்தினேன். அதற்குள் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. அதன் பின்னால் சேர்ந்திருந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்தன. பஸ் எங்களைத் தாண்டும்போது அப்பா மெல்லக் கையைத் தூக்கினார். அந்த டிரைவரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். நாங்கள் அக்கரை சேர்ந்தபோது அப்பாவின் கை என் கைக்குள் குளிர்ந்திருந்தது.

முன்னாடியே வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார் டாக்டர். நிஜமாகச் சொன்னாரா, எங்களைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, தெரியாது. அம்மா நம்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஊரையே முன்னால உட்டுப்போட்டு நின்ன மனுசன், போய்ச் சேர்றதுல மட்டும் எனக்கு வழி உடல பாரு கண்ணு."

இப்போது அம்மாவும் இல்லை. புதுப் பாலத்தில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அப்பா மேல் வர வேண்டிய கோபத்தையெல்லாம் இத்தனை வருஷமாக அந்தக் குறுகல் பாலத்தின் மேல்தான் இறக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மனதுக்குள் அதைத் திட்டுவேன். அதையும் இடித்துவிட்டார்கள். இனி கோபப்படுவதென்றால் அவர் மேல்தான் படவேண்டும். அது என்னால் முடியாது.