அலசிக் கொட்டிய தண்ணீர்

சித்திரை பத்து, வியாழன், காலை பதினொன்றரை. எருமப்பட்டியைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருக்கின்றன. ஆறு வருடமாக நான் அவற்றை வாங்குவதில்லை. பயணங்களில் என் எவர்சில்வர் பாட்டிலை நீட்டி ஏதாவது வீட்டில் கேட்பேன். இங்கும் பக்கத்து வீட்டு வாசலில் கேட்கிறேன்.

"குடுங்க சாமி" என்று வீட்டுக்கார அம்மா குடத்தைச் சாய்க்கிறார். வழக்கம்போல் முதல் தண்ணீரில் பாட்டிலை அலசிக் கீழே கொட்டுகிறேன். கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து ஈர மண்ணை நக்குகிறது. அவர் மறுபடி ஊற்றுகிறார். குடம் காலியாகிறது.

உள்சுவர்க் காலண்டரில் குழாய்த் தண்ணீர் வந்த தேதிகளை வட்டமிட்டிருக்கிறார்கள். கடைசி வட்டத்துக்குப் பிறகு பன்னிரண்டு நாட்கள் ஆகிவிட்டன.

"போர் இல்லைங்களா?"

"ஆயிரம் அடி போட்டமுங்க. காத்துத்தான் வருது."

"அப்ப இதைத் திருப்பி ஊத்திக்குங்க."

"குடுத்த தண்ணியத் திருப்பி வாங்கறதுங்களா? நல்லாருக்குதே! ஏனுங்க, கடைத் தண்ணி உங்களுக்கு ஆவாதாக்கும்?"

"பிளாஸ்டிக் குப்பை சேருதுங்க."

"அதுஞ் செரிதானுங்க" என்று சிரித்தவர் ஆட்டைப் பார்க்கிறார். "இதுக்குத்தான் தண்ணி எங்கயாச்சும் கேட்டுப் பாக்கோணும்."

பாட்டிலில் உள்ளதை ஆட்டின் சட்டியில் ஊற்றுகிறேன். குடித்து முடித்ததும் அது மறுபடி ஈர மண்ணுக்கே போகிறது.

பாட்டில் வாங்காத நாட்களை நோட்டின் பின்பக்கத்தில் எண்ணி வருகிறேன். இன்றும் வாங்கவில்லை; ஆனாலும் இன்றைய நாளை அதில் சேர்க்கவில்லை.