நிரல் உங்களது, பெட்டி எங்களது

ஜமுனாமரத்தூருக்கு மேலே, பேருந்து போகாத ஒரு சிற்றூர்க்காரி பாஞ்சாலை. திருவண்ணாமலைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு கோடையில் காட்டுத்தீ இறங்கி ஊர்ப் புளியமரங்களைக் கருக்கிவிட்டுப் போனது. அந்த வருடம் அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். மரத்தில் கட்டிய சின்னப் பெட்டி புகையையும் சூட்டையும் உணர்ந்தால் ஊரார் எல்லோருடைய போனுக்கும் தகவல் போகும். அந்த மென்பொருளின் நிரலை அப்படியே இணையத்தில் வைத்தாள். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். முகம் தெரியாத பலர் பிழை திருத்தி அனுப்பினார்கள். இருபத்திரண்டு ஊர்களில் பெட்டிகள் மரமேறின.

அதற்குப் பிறகுதான் பெங்களூர் நிறுவனம் ஒன்றிலிருந்து சிவசங்கர் வந்தார். பழக இனிமையான மனிதர்.

"நிரல் எப்பவும் போல இருக்கட்டும்ங்க. பெட்டி, சர்வர், பராமரிப்பு இதுக்கு மட்டும்தான் நாங்க காசு வாங்குவோம். உங்க ஊருங்களுக்கு அதுவும் வேணாம்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று பாஞ்சாலைக்குத் தெரியும். கட்டற்ற மென்பொருளை வைத்து எத்தனையோ பேர் அப்படித்தான் தொழில் செய்கிறார்கள். கடைசியில் அவர் ஒரு தாளை நீட்டினார். எழுதியவர்கள் எல்லோருடைய உரிமையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற வேண்டுமாம். வழக்கு என்று வந்தால் பாதுகாப்பாம். கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் அவளை நம்பிச் சம்மதித்தார்கள். வயநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் தான் எழுதிய பகுதியை நீக்கச் சொல்லிவிட்டார். 'எல்லா உரிமையும் ஒரே இடத்துக்குப் போனால், நாளைக்கு நிபந்தனையை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்று எழுதியிருந்தார். பாஞ்சாலை பதில் போடவில்லை.

புதுப் பெட்டிகள் வந்தன. பழையவற்றை நிறுவனத்து வண்டி வாரிக்கொண்டு போனது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரியில், மின்னஞ்சல் வந்தது. அடுத்த பதிப்பிலிருந்து நிரல் மூடப்படும். சந்தா கட்டாத ஊர்களுக்கு மார்ச் முதல் எச்சரிக்கை வராது.

அவள் முதலில் பயப்படவில்லை. "பழசு நம்மகிட்டயே கீதுண்ணா. குடுத்த சுதந்திரத்த யாரும் திரும்ப வாங்க முடியாது," என்றாள் அண்ணன் லட்சுமணனிடம். அவன் வனத்துறையில் தீத்தடுப்பு வேலைக்குப் போகிறவன். பழைய பதிப்பைப் பெட்டியில் ஏற்றினாள். பெட்டி ஒருமுறை அணைந்து, நிறுவனத்தின் பதிப்போடு எழுந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதேதான். நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத எதையும் அது ஏற்காது.

போன் செய்தாள். "அந்த நிரல் உங்களதுதான்ங்க, யார் தடுத்தா? பெட்டி எங்களது," என்றார் சிவசங்கர், அதே இனிமையோடு.

மார்ச் மூன்றாம் வாரம், பட்டப்பகலில், எதிர்ச் சரிவில் புகை எழுந்தது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் போனும் ஒலிக்கவில்லை. புல் அறுக்கப் போன பக்கத்து வீட்டு ஈஸ்வரி ஓடிவந்து கத்திய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

"இன்னாம்மா, பொட்டி ஒண்ணும் சொல்லலயா?" தீயை அடிக்கப் பச்சைத் தழையை ஒடித்தபடியே கேட்டான் லட்சுமணன். பாஞ்சாலை தானும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் தீயை அடித்து அணைத்தார்கள். லட்சுமணனின் இடக்கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவள், வேலூரிலிருந்து உதிரிபாகங்கள் வரவழைத்துப் புதிதாகப் பெட்டி செய்ய உட்கார்ந்தாள். ஒன்றை முடிக்க நான்கு நாள் ஆனது. இன்னும் இருபத்தொரு ஊர் பாக்கி. மலையில் சருகு முழங்கால் அளவு கிடந்தது, காற்றும் வலுக்கத் தொடங்கியிருந்தது.