பெயர் கிழிந்த கவிதைகள்

நான் பாடம் நடத்தும் கல்லூரி வகுப்பில், எழுதியவர் பெயரை மறைத்து ஒரு கவிதையின் நகல்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் கூந்தலிலிருந்து பிச்சிப்பூ மணத்தது. தோவாளையில் இன்று நான்குவழிச் சாலை ஓடுகிற இடத்தில் எங்கள் அப்பாவின் தகரக்கூரைப் பூக்கடை இருந்தது. பூப் பொதிய அவர் கிழித்துப்போடும் பழைய பத்திரிகைத் தாள்களில், தண்ணீர் தெளித்து நனைந்துபோன கவிதைகளைச் சிறுவயதில் நானும் அக்காவும் வாசிப்போம், எழுதியவர் பெயர் பெரும்பாலும் கிழிந்த பாதியோடு போயிருக்கும். ஒருமுறை, குடத்தை இறக்கிய பிறகும் ஒருத்தியின் இடுப்பு சாய்ந்தே நின்றதாக ஒரு வரி வந்தது. ஆண்தான் எழுதியிருப்பான் என்றேன் நான்.

"ஏட்டி, வரிய நல்லாப் பாரு. இது தண்ணி சொமந்தவளுக்குத்தான் தெரியும்," என்றாள் அக்கா.

பல வருடம் கழித்து அதே கவிதையை ஒரு தொகுப்பில் பார்த்தேன். எழுதியவர் ஆண். ஜெயித்துவிட்ட குரலில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவள் அசரவில்லை. "அப்பம் அவரும் தண்ணி சொமந்திருக்காரு மக்கா."