பத்து மணி நாற்காலி

போன திங்கட்கிழமை காலை. மேசை போன் அடித்தது.

"தம்பி, பேஜ் ஓப்பன் ஆகல லா. பழையபடி அந்தப் பூட்டு செவப்பா வருது."

கணக்குப் பிரிவு தேவகி அக்கா. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். பேஜ் திறக்கவில்லை என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற ஒரே மருந்தில் பாதிப் பேர் குணமாகிவிடுவார்கள். ஆனால் அக்காவுக்கு அந்த மருந்தை நான் சொல்லவில்லை.

எந்தப் பேஜ் என்று கேட்கவே இல்லை. தெரியும்.

அக்காவின் அம்மா பந்திங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அக்கா இருப்பது காப்பாரில். தினமும் மோட்டாரில் கிள்ளான் ஸ்டேஷன், அங்கிருந்து கோமுட்டர் ரயில், வேலை முடிந்தால் அதே வழியில் வீடு... ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவைப் போய்ப் பார்க்க முடியும். இல்லத்தின் ஹாலில் ஒரு காமிரா உண்டு. குடும்பத்தார் வெப்சைட்டில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு அம்மாவைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மதியத்துக்கு மேல் அறைக்குப் போய்விடுவார்.

கைப்பேசியில் பார்க்க வேண்டியதுதானே? அதுதான் முடியாது. கணக்குப் பிரிவில் கைப்பேசியை வாசல் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மேனேஜர் நல்ல மனிதர். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ப்ராக்ஸி என்கிற காவல் சர்வர் சம்மதிக்கவில்லை. எங்கள் ஆபீஸிலிருந்து வெளியே எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் அந்த சர்வரைத் தாண்டித்தான் போக வேண்டும். பூட்டுப் போட்ட பாதுகாப்பான தளம் என்றால் அதன் சான்றிதழைத் துருவித் துருவிப் பார்க்கும். பாவம், சின்ன இல்லம்... யாரோ அரைகுறையாகச் செய்து கொடுத்த வெப்சைட், சான்றிதழும் அரைகுறை. வீட்டில் ஒழுங்காகத் திறந்த பக்கம், ஆபீஸில் சிவப்புப் பூட்டோடு நின்றது. 'இந்தத் தளத்தைச் சோதிக்காதே, அப்படியே விடு' என்று ப்ராக்ஸியில் தனி அனுமதி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் தினமும் பத்து மணிக்கு அக்கா திரையைப் பார்த்துச் சிரிப்பார். மகள் பார்ப்பது அம்மாவுக்குத் தெரியாது. அப்படியும் இவர் ஒலி இல்லாத அந்தப் படத்திடம், "சாப்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்பார்.

போன மாதம் அம்மா இறந்துவிட்டார். காப்பாரில் நடந்த இறுதிச் சடங்குக்கு நானும் போயிருந்தேன்.

மாதக் கடைசியில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு — தேவைப்படாத தனி அனுமதிகளை எடுத்துவிடுவது. சும்மா திறந்து கிடக்கும் கதவு ஆபத்தல்லவா? அக்காவுக்காகப் போட்டதையும் எடுத்துவிட்டேன்.

இப்போது இந்த போன்.

அவர் மேசைக்குப் போனேன். "அக்கா... அம்மாதான்..." என்று இழுத்தேன்.

"அம்மா இல்லன்னு தெரியும் தம்பி. நான்தானே முன்னால நின்னு அனுப்பி வச்சேன்? அந்த நாற்காலிய மட்டும் பாக்கணும். பத்து மணி ஆனா கை தானா மவுஸுக்குப் போகுது லா."

உட்கார்ந்தேன். பழைய அனுமதியைத் திரும்பப் போட்டேன். பேஜ் திறந்தது. பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது, இல்லத்தில் இன்னும் அவர் கணக்கை மூடவில்லை. ஆனால் படம் வர வேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது. வீடியோ வேறொரு முகவரியிலிருந்து வருகிறது, முதல் தடவையும் இதே இடத்தில்தான் சிக்கினோம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்கும் அனுமதி போட்டேன். அக்கா என் பின்னால் நின்றார்.

படம் வந்தது. ஹால். ஜன்னல். வெயில். நாற்காலி.

நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவின் அம்மா அல்ல... வேறு யாரோ. முகம் முழுக்கப் பவுடர். முதுகுக்கு முட்டுக்கொடுத்திருந்தது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அக்கா தன் அம்மாவுக்காகத் தேடி வாங்கிக் கொடுத்த நீலத் தலையணை.

அக்கா திரைக்கு அருகே குனிந்தார்.

"காலியா இருக்கும்னு நெனச்சேன் லா" என்றார். அப்புறம், "பாவம், யாரு பெத்த அம்மாவோ... நல்லா வச்சிருக்காங்க. மூடிடுங்க தம்பி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நான் பேஜை மூடினேன்.

யாரைக் குறை சொல்ல முடியும்? இடத்துக்காக எத்தனை குடும்பங்கள் அங்கே காத்திருக்கின்றனவோ. நாங்கள் மட்டும் என்ன? வேலையை விட்டு ஒருவர் போனால், மறுநாளே அவர் கணக்கை மூடி, கம்ப்யூட்டரைத் துடைத்துப் புது ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். உலகம் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பெற்ற பிள்ளை மட்டும்தான் அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

பேஜ் திறக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு பேஜ் திறக்காமலே போயிருக்கலாமே என்று நான் ஏங்கியது, இத்தனை வருட வேலையில் அன்று ஒரு நாள்தான்.