துண்டு வெட்டச் சொல்லி ஒரு கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. கல்முனையில் எங்கள் வீதியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதக்கூடிய பெண் நான் ஒருத்திதான் என்று பெயர். அந்தப் பெயருக்கு முதல் எல்லாம் ஒரு டியூஷன் கொப்பி. அதில் ஒரு முழுப் பக்கம், சிக்கலிலிருந்து விடுவிப்பதற்கான சொற்கள். கட்டை அவிழ்க்க 'அன்டை', சிக்கிய நூலைப் பிரிக்க 'டிஸ்என்டாங்கிள்', இக்கட்டில் மாட்டியவனை வெளியே எடுக்க 'எக்ஸ்ட்ரிகேட்', பிடித்து வைத்திருப்பவனை விட 'ரிலீஸ்', நோயாளியை வீட்டுக்கு அனுப்ப 'டிஸ்சார்ஜ்'. செருப்பு, சட்டை, மாட்டின் கயிறு எல்லாவற்றையும் நாங்கள் ஒரே 'கழட்டு'வை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வைத்திருந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்திருந்தேன். தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவரான என் மச்சான் அப்போது சவூதியில் ஒரு கம்பெனியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் லீவு கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியின் அலுமாரியில். அவர் போன பிறகு பிறந்த மகளுக்கு இரண்டரை வயது. அவள் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து ஸலாம் சொல்லி, அன்று என்ன சாப்பிட்டாள் என்பதையும் படத்திடமே சொல்வாள். வருகிறவர்கள் சிரிப்பார்கள். ராத்தா சிரித்து நான் பார்த்ததில்லை.

மச்சானுக்கு வேண்டியது இரண்டு மாத லீவு, பிறகு திரும்பிப் போக வேண்டும். மாவடிப்பள்ளியில் அவருடைய தங்கைக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் கலியாணப் பேச்சே இல்லை. தகப்பன் மௌத்தாகி இல்லாமல் போன குடும்பத்தில் அது மூத்தவரின் தலையில்தான் விழும். சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி. சவூதி வேலை இருந்தால்தான் கூரை.

மச்சான் கம்பெனியின் விலாசத்தை அனுப்பி, குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் இளகுவார்கள் என்று எழுதியிருந்தார். ராத்தா மகளை மடியில் வைத்துத் தலையில் சிக்கெடுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். விடும்படி கேட்கும் இடம் வந்தது. முதலில் 'ரிலீஸ்' என்று போட்டேன். வாசித்துக் காட்டியதும் ராத்தா முகத்தைச் சுளித்தாள். அது தியேட்டர் போஸ்டரில் படத்துக்குப் போடுகிற சொல் அல்லவா, மனிசனுக்கு அதைப் போடுவதா என்று கேட்டாள். எனக்கும் அது மலிவான சொல்லாகவே பட்டது. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'டிஸ்சார்ஜ்' வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றின்போது பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் ஒரு காலையில் நர்ஸ் வந்து அதைத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவதை, துண்டு வெட்டிவிட்டார்கள் என்று நாங்கள் சொல்வோம்; அதற்கு நர்ஸின் சொல் அது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளின் சொல். எனக்கும் அதற்கு வேறு பொருள் தெரியாது. என் கணவரைத் தயவுசெய்து வேலையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள் என்று அழகான கூட்டெழுத்தில் எழுதி, ராத்தாவின் கையொப்பத்தை வாங்கி, தபால் கந்தோருக்கு நானே கொண்டுபோனேன்.

ஆறு கிழமையில் மச்சான் வந்துவிட்டார். வீடு நிறையச் சனம். மகள் கிட்டப் போகவில்லை. படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ராத்தாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் கடிதத்தால்தான் வந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை மச்சான் ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து தந்தார். கம்பெனியில் கொடுத்ததாம், என்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்று அதில் இருக்கும், வாசித்துச் சொல் என்றார். வாசித்தேன். குடும்பத்தின் வேண்டுகோளின்படி சேவையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்யப்பட்டார் என்று இருந்தது. திரும்பி வரும் திகதி எங்கும் இல்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"என்ன மச்சி எழுதிரிக்கி?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. அது நான் எழுதிய சொல், ஆஸ்பத்திரியிலும் அதுதான், வேலையை விட்டு நிற்பாட்டுவதற்கும் அதுதான் என்று சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடுதாசியை மடித்து சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப தங்கச்சிட ஊடு?" என்றார், யாரையும் பார்க்காமல்.

ராத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஊடு நிக்கட்டும். புள்ள ரெண்டு வருஷத்துக்கு மேல படத்தோட கதைச்சது போதும்" என்றாள்.

அன்று பின்னேரம் நான் வாப்பாவிடம் போனேன். எங்கள் வளவின் மூலையில், எனக்குக் கட்டப்போகும் வீட்டுக்கென்று ஓடு வாங்கி அடுக்கியிருந்தார். அதை மாவடிப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன். உன் கலியாணம் பிந்தும் தெரியுமா என்று கேட்டார். ஓம், தெரியும் என்றேன். மூன்றாம் நாள் ஓடு ஏற்றிப்போக வண்டிலுக்கு ஆள் அனுப்பினார்.

மச்சான் அதன் பிறகு வெளிநாடு போகவில்லை. வட்டையில், ஊர் வயல்வெளியில், வேளாண்மை செய்தார். அவருடைய தங்கைக்கு அந்த ஓட்டின் கீழ்தான் கலியாணம் நடந்தது. எனக்கு நடக்க இன்னும் ஐந்து வருடம் எடுத்தது. தன் கலியாணத்தன்று மச்சானின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அழுதாள். கடிதத்தில் நடந்ததை மச்சான் தன் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பந்தலுக்கு அப்பால் நின்ற மச்சான் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.