மேளத்துக்குப் பின்னால் நடந்தவர்கள்

செய்தி வந்தபோது மாலை நாலே கால். பால்பாண்டி அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குள், இடுப்பளவு தண்ணீரில் நின்று, தவறி விழுந்த செவலைப் பசுவின் வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தார். கரையில் கழற்றிவைத்த காக்கிச் சட்டைக்குள் செல்போன் அடித்தது. எடுத்தவர் அவரோடு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த கருத்தக்கண்ணன்.

"அண்ணே, உங்க காலேஜுல இருந்து!"

"என்னாங்கறாக?"

"நீங்க எழுதிக் குடுத்தது செல்லாதாம்!"

பசு தலையை உலுக்கியது. பால்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "எது செல்லாதாம்?"

"கல்யாண மண்டபத்துல ஆபத்துன்னா சனங்கள எப்புடி வெளியேத்துறதுன்னு எழுதுனீங்கல்ல, அது. பேப்பர்ல இருந்தா பத்தாதாம். நெசக் கூட்டத்த வச்சு நடத்திக் காட்டணுமாம். பாக்குறதுக்கு ஒரு சார் வாராராம். இந்த மாசத்துக்குள்ள முடிக்கலேன்னா பட்டம் கெடையாதாம்ணே!"

"மொதல்ல மாட்டை ஏத்துங்கப்பா, பட்டத்தை அப்புறம் ஏத்திக்கலாம்" என்றார் மாட்டுக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிணற்றுக்குள் பால்பாண்டியும் சிரித்துவிட்டார். பசு ஏறியது. அதற்குப் பிறகுதான் அவர் ஈரக் கையோடு செல்போனைக் கேட்டு வாங்கினார்.

அது 2007, ஆகஸ்ட் மாதம். அவருக்கு நாற்பத்துநாலு வயது. அப்பா பிறர் வயலில் கூலிக்கு அறுத்தவர். பால்பாண்டி பி.ஏ. முடித்ததே வேலைக்கு வந்த பிறகு, தபால் வழியில்தான். சுனாமி வந்தபோது கடற்கரைக்கு அனுப்பப்பட்ட குழுவில் பன்னிரண்டு நாள் இருந்தார். மறு மாதம் பேரிடர் மேலாண்மை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார்.

"பேரும் வேணாம், இடரும் வேணாம், பேசாமப் படுங்க" என்றார் மனைவி சுந்தரம்மாள். சொல்லிவிட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அவரே பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தார். நிலையத்தில் 'புரபசர்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இது மூன்றாவது ஆண்டு.

கருத்தக்கண்ணன்தான் வழி சொன்னார். "வார ஞாயித்துக்கெழம எம் மகளுக்குக் காதுகுத்து. பழங்காநத்தத்துல மண்டபம் புடிச்சிருக்கேன். நானூறு பேரு வாராக. அம்புட்டுப் பேரையும் எடுத்துக்கங்கண்ணே. சாப்பாடு மட்டும் எம் பொறுப்பு."

மண்டபம் ராமதாஸுடையது. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் சுத்த மதுரைத் தமிழுமாகப் பேசுகிற மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செய்யுங்க, நல்ல காரியம். ஆனா எம் மண்டபத்துக்குள்ள 'தீ'ங்கற வார்த்த மட்டும் யாரு வாயில இருந்தும் வரக் கூடாது. மங்கள காரியம் நடக்குற எடம்."

"தீயணைப்புத் துறைன்னு சட்டையிலயே எழுதியிருக்கேண்ணே?"

"அது மேல ஒரு துண்டப் போட்டுக்கங்க."

வார்த்தை கூடாது என்றானபின் பால்பாண்டி மின்சார மணி ஒன்றைப் பொருத்தினார். மணி அடித்ததும் மாடிக் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து, முன்வாசல் படி வழியாகப் பாதியும் பின்வாசல் படி வழியாகப் பாதியும் தெருவுக்கு இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் கூடம் காலியாக வேண்டும். மணியைத் தவிர மற்றதெல்லாம் அறிக்கையில் எழுதியிருந்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குத் தேர்வாளர் கிரிதரன் வந்தார். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு கையில் நிறுத்து கடிகாரம், ஒரு கையில் கற்கண்டு. பால்பாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினார்.

முன்வரிசைகளில் இருந்தவர்கள் சொல்லிவைத்தபடி எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பின்வரிசை பார்த்தது. மதுரையில் ஒரு விசேஷ வீட்டில் முன்வரிசை எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பந்தி போட்டாச்சுடோய்!"

நானூறு பேரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் உள்படியில் இறங்கினார்கள். இரண்டு வெளிவாசல்களும் காற்று வாங்கின. ஐந்து நிமிடத்தில் தெருவுக்குப் போனவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பீடி பிடிக்கப் போனவர்கள்.

சுந்தரம்மாள் மூச்சிரைக்க மேலே வந்தார். "ஏங்க, உங்க பேரிடரு கீழ வந்துருச்சு. இலையே போடல, சமையக்காரரு கரண்டியோட வாசல மறிச்சு நிக்கிறாரு!"

கிரிதரன் சிரிக்கவில்லை. "எல்லாரையும் ஒரே படிக்கு அனுப்பிட்டீங்க, பால்பாண்டி. நிஜமா இருந்திருந்தா அந்தப் படியில..."

பால்பாண்டியும் அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் படித்தது அந்தப் படியில் நெரிந்துகொண்டு நின்றது.

"இன்னொரு தடவை பாக்கலாமா சார்?"

"ஒன்றரைக்கு எனக்கு பஸ்."

ஜனங்கள் ஏமாற்றத்தோடு மேலே ஏறி வந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பால்பாண்டிக்குக் காலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. தாய்மாமன் விருமாண்டி சீர் கொண்டு வந்தபோது, எதிர்கொண்டு அழைக்க மேளம் தெருவுக்குப் போனது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூடமே அதன் பின்னால் இறங்கிப் போய், சீரைப் பார்த்துவிட்டு வந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அறிக்கையில் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

தவில்காரர் நல்லகாமனிடம் ஓடினார். "அண்ணே, உங்கள்ல ரெண்டு நாயனம், ரெண்டு தவிலு. ஒரு சோடி முன்வாசல் வழியா, ஒரு சோடி பின்வாசல் வழியா வாசிச்சுக்கிட்டே ரோட்டுக்குப் போகணும்."

"யாரு வாராக?"

"யாரும் வரல. நீங்க போறீங்க."

நல்லகாமன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தவிலைத் தோளில் மாட்டினார்.

மேளம் இரண்டாகப் பிரிந்து நடந்தது. முதலில் பிள்ளைகள் எழுந்தார்கள். பிறகு பெண்கள், இடுப்பில் குழந்தையோடு. பிறகு துண்டை உதறிக்கொண்டு ஆண்கள். அந்தந்த வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை அந்தந்த மேளம் இழுத்துக்கொண்டது. "என்ன, இன்னொரு மாமனா?" "எத்தன மாமன்டா இந்தப் புள்ளைக்கு!" என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. கிரிதரனும் தன்னையறியாமல் எழுந்து நடந்தார்.

கடைசியாக மேடையில் மிஞ்சியவர் தாய்மாமன் விருமாண்டி. கழுத்து நிறைய மாலை, மடியில் குழந்தை.

"நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எவனுக்குடா மேளம் போகுது?"

"கீழ வந்து நீங்களே கேளுங்க மாப்ள" என்றார் பால்பாண்டி.

விருமாண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சண்டைக்கு இறங்கினார். கூடம் காலி. தெருவில் கிரிதரன் கடிகாரத்தை நிறுத்தினார். மூன்று நிமிடம், நாற்பது விநாடி.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். மேளத்துக்குப் பின்னால போறவன் ஓட மாட்டான். மேளத்த முந்தவும் மாட்டான். கரெண்டு போனாலும் சத்தம் கேக்கும்."

கிரிதரன் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டார். "சரி, நிஜ ஆபத்துல மேளக்காரரே பயந்து ஓடிட்டா?"

பால்பாண்டி நல்லகாமனைப் பார்த்தார். அவர் தவிலை இறக்காமலே சொன்னார்: "சொல்லிக் குடுத்தா நிப்போம் சார். எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

கிரிதரன் அப்போதுதான் சிரித்தார். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தார்.

தை மாதம் முடிவு வந்தது. முதல் வகுப்பு. நிலையத்தில் சைரனை அரை நிமிடம் அலறவிட்டு அதிகாரியிடம் திட்டு வாங்கினார்கள். சுந்தரம்மாள் தெரு முழுக்க கேசரி கொடுத்தார். யார் கேட்டாலும், "எங்க வீட்டுக்காரரு மேளத்துல எம்.ஏ." என்றார்.

மேளக்காரர்களுக்குச் சொல்லித் தர, மண்டபங்களில் ஒட்டி வைக்கும்படி ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தருவதாகக் கிரிதரனிடம் பால்பாண்டி ஒப்புக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவே, ஒவ்வொரு வரியையும் நல்லகாமனிடம் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே அடுத்ததை எழுதினார். 2009 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பணி முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அந்தத் தாளை ராமதாஸ் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார். நான்கு குறிப்புகள் முழுதாக இருக்கின்றன. ஐந்து என்று எண் போட்டு, 'வாசிப்பவரின் வீட்டார் உள்ளே இருந்தால்' என்பதோடு நிற்கிறது.