மாப்பிள்ளைப் பெட்டியில் உள்ளூர்ச் சோப்பு

மேலப்பாளையத்தில் மீரா முகைதீன் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பிய ஆள் குறைவு. "வாசமா ஒரு சோப்பு குடுங்க அண்ணாச்சி" என்று யாராவது கேட்டால் தொலைந்தார். "வாசம் வேணும்னா அத்தர் கடைக்குப் போவும்வே. இங்கன சோப்புதான் இருக்கு" என்பார். பப்பாளிப் படம் போட்ட ஃபேஸ் வாஷ் கேட்டு வந்த காலேஜ் பெண்ணிடம் பாட்டிலைத் திருப்பி, முதுகில் இருந்த சேர்மானப் பட்டியலைக் காட்டினார்.

"எது நிறைய இருக்கோ அத மொதல்ல எழுதணும், அதான் முறை. ஒன் பப்பாளி எங்கன இருக்கு, தேடும்மா."

பப்பாளி வரிசையின் வாலில், நிறப்பொடிக்குப் பக்கத்தில் பம்மிக்கொண்டிருந்தது. "மொத அஞ்சு பேருதான் சரக்கு. மிச்சமெல்லாம் படம் போடுததுக்கு" என்று பாட்டிலை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். விற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. நல்லா நுரைக்குது என்று ஒரு சோப்பைப் புகழ்ந்த வாத்தியாருக்கும் அன்றைக்குக் கிடைத்தது. "தாமிரபரணித் தண்ணியில கல்லைத் தேச்சாலும் நுரைக்கும். போர் தண்ணியில தேச்சுப் பாத்துட்டு வந்து பேசும்."

சோப்பில் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: மொத்தக் கொழுப்பு எத்தனை சதவீதம். எழுபத்தாறுக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், அலமாரியில் இடம் உண்டு. உறையில் 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால், கொழுப்பைக் குறைத்துப் பொடியைச் சேர்த்த சரக்கு என்று வாசற்படி ஏற்றமாட்டார். அதை வாங்குகிற ஊரை நினைத்தால் அவருக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

இந்தத் திமிர் சவுதியில், தம்மாமில் வந்தது. அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருடம் சோப்பு அடுக்கினார். அடுக்கும்போது உறைகளைப் படித்துப் படித்துத்தான் இவ்வளவும் கற்றார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் வழக்கப்படி சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் ஃபாரின் சோப்பு கொடுத்தார். அவர்கள் அதை முகர்ந்து கண்ணை மூடிச் சொக்கி நிற்பதைப் பார்த்து, இந்த மடக்கூட்டத்தில் போய்ப் பிறந்தோமே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

அவர் மகள் நிலோஃபரை, அவர் லாத்தா என்று கூப்பிடுகிற அக்கா ஆபிதா பீவியின் மகன் அப்ராருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற அப்ரார் மேல் நிலோஃபருக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். மாப்பிள்ளைக்குச் சீர் வைத்த மாப்பிள்ளைப் பெட்டியைக் கொண்டுபோகிற அன்று காலையிலேயே வாப்பாவை எச்சரித்தாள்.

"மாமிக்கிட்ட வாயைக் குடுத்துராதீய வாப்பா. எனக்காவ."

ஆனால் பெட்டியை அடுக்கியவர் அவர். துணி, வாட்ச், அத்தரோடு தன் கடையிலேயே உயர்ந்த முதல் தரச் சோப்பை வைத்திருந்தார். கஞ்சத்தனம் இல்லை. மருமகன் தோலுக்கு அதைவிட நல்லது இல்லை என்று மனதார நம்பினார்.

ஆபிதா பீவி வீட்டில் அவர் முன்னாலேயே பெண்கள் சூழ உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். சோப்பை எடுத்துப் பார்த்த ஆபிதா பீவியின் முகம் சுருங்கியது. "ரூவாயில வெலை போட்டிருக்கே. ஒத்த மவனுக்கு ஒன் கடையில விக்காத சரக்கையா தள்ளிவிடுதே?"

மகள் சொன்னதெல்லாம் அந்த நிமிடமே காற்றில் போனது. மீரா முகைதீன் குளியலறையில் கிடந்த ஃபாரின் சோப்பின் உறை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஊருல செஞ்சது. உள்ள இருக்க பேரெல்லாம் வரிசைகூட மாறல. அங்கன அனுப்புததுக்கு மேல அரபியில ஒரு தாளை ஒட்டுதான், அம்புட்டுதான். நம்ம ஊரு சோப்பு பிளேன்ல போயிட்டு பிளேன்ல வருது. அதை மோந்து பாத்து ஃபாரின் வாசம்னு சொல்லுதிய. மூக்கா அது?"

பெண்கள் சிரித்தார்கள். ஜெயித்துவிட்ட மிதப்பில் அவர் நிமிர்ந்தார். ஆபிதா பீவி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ இத்தனை வருசமா நீ எங்களுக்குக் கொண்டாந்தது?"

அவர் கையிலிருந்த உறையை மடிக்க ஆரம்பித்தார்.

"தெரிஞ்சேதான் குடுத்திருக்கே. எங்களைக் கேணைகளாக்கி உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கே. இப்படிப்பட்டவன் வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேண்டாம். பெட்டியை எடுத்துட்டுப் போ."

எழுந்து உள்ளே போனாள். வீட்டில் காத்திருக்கும் மகளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமலே அவர் பெட்டியை மூடினார். திரும்பி வந்த ஆபிதா பீவியின் கையில், பீரோச் சேலைகளின் மடிப்பிலிருந்து எடுத்த ஒரு பழைய சோப்பு. உறை மங்கியிருந்தது, பிரிக்கவில்லை.

"நீ மொத மொத லீவுல வந்தப்போ குடுத்தது. எல்லாரும் தேச்சுக் குளிச்சாவ. எனக்குத் தேய்க்க மனசு வரல, தம்பி அங்கன வெயில்ல கெடந்து சம்பாரிச்சதேன்னு. இதுவும் இங்கன உள்ளதுதானா? படி."

அவர் வாங்கிப் பார்த்தார். பேதிங் பார். மேட் இன் இந்தியா. இரண்டாவது பெயரே டால்க் பொடி. முதல் சம்பளத்தில் வாங்கியது. அன்றைக்கு உறையைப் படிக்கத் தெரியாது. அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்து, எது அதிகமாய் மணக்கிறதோ அதை லாத்தாவுக்கென்று எடுத்திருந்தார். இப்படி எடுக்கிறவர்களைத்தான் இத்தனை வருடமாகக் கடையில் நிற்க வைத்து அவமானப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

"இது ஃபாரின்தான் லாத்தா. அசல்" என்றார்.

ஆபிதா பீவி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ பெட்டியில இதே மாதிரி ஒண்ணை வை. இந்தச் சோப்பு இல்லாம இங்கன வராதே."

தெருவில் இறங்கியதும், தம்மாமில் அவர் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற ரசீத் என்ற பையனைப் போனில் பிடித்தார். சோப்பின் பெயரைச் சொல்லி ஒன்று அனுப்பச் சொன்னார்.

"அதுவா அண்ணாச்சி?" ரசீத் விழுந்து விழுந்து சிரித்தான். "அது சோப்பே இல்ல, அதை வாங்குதவன் மனுசனே இல்லம்பீயளே!"

"அரபித் தாளு கிழியாம இருக்கான்னு பாத்து எடுலே" என்றார் மீரா முகைதீன்.